பட்டிகள் சூழ்ந்த ஊரில் ஒரு ஃபாக்ஸ்ஹவுண்ட்: கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: வெள்ளக்கோவிலுக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். ஊட்டிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த உறவினர், மாற்றலாகிப் போகும்போது தன் ஃபாக்ஸ்ஹவுண்ட் (இங்கிலாந்தின் நரி வேட்டை இனம்) நாயை எங்களிடம் விட்டுப் போனார். மூன்று வயது ஆண், 34 கிலோ. குழந்தைகளிடம் பரம சாது. ஆனால் ராத்திரி கட்டிப்போட்டால் விடிய விடிய ஊளை. அவிழ்த்துவிட்டால் கிளுவை வேலியில் புகுந்து போய்விடுகிறான், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கோழியைப் பிடித்துவிட்டான். ஒருநாள் ஆட்டுப்பட்டிக்கு அருகில் நின்றிருக்கிறான். ஆட்டுக்காரர் "இனி வந்தா சும்மா விடமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டார். காதை ஓயாமல் உதறுகிறான், நாற்றமும் அடிக்கிறது. காலையில் கம்மங்கூழ், ராத்திரி சோறு, கறிக்குழம்பு, எலும்பு போடுகிறோம். முன்பு சிப்பிப்பாறை வளர்த்தோம், இந்தத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. சங்கிலியிலேயே வைத்துக்கொள்ளலாமா, வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: ஊளையும் காதும் அப்புறம். முதலில் பட்டி. உங்கள் வட்டாரத்தில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஒரே ராத்திரியில் பல ஆடுகளைக் கடித்துப் போட்ட சம்பவங்கள் அடிக்கடி நடக்கின்றன. ஆடு வளர்ப்பவர்கள் இழப்பீடு கேட்டுப் போராட்டம் வரை போய்விட்டார்கள். இந்த நிலைமையில் 34 கிலோ எடையுள்ள வேட்டை நாய் ஒன்று பட்டி ஓரத்தில் நின்றால், அது கடிக்க வந்ததா, மோந்து பார்க்க வந்ததா என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்து கலந்த கறித்துண்டு ஒன்று போதும். ஆகவே இன்றிலிருந்தே, வேலி சரியாகும் வரை, கயிறு இல்லாமல் அவன் வாசல் தாண்டக் கூடாது. ஆட்டுக்காரரிடம் நீங்களே நேரில் போய், கோழிக்கான காசையும் கொடுத்து, வேலி போடப்போவதைச் சொல்லிவிடுங்கள். அவன் வெளியில் தென்பட்டால் உடனே கூப்பிடச் சொல்லி உங்கள் கைபேசி எண்ணையும் கொடுங்கள்.

சிப்பிப்பாறையோடு ஒப்பிட்டதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் விரட்டும் நாய்கள். முயல் கண்ணில் பட்டால் பாயும், சில நிமிடங்களில் பிடிக்கும் அல்லது விட்டுவிடும். இரை கண்ணிலிருந்து மறைந்ததும் வேகம் அடங்கி வீட்டுக்குத் திரும்பிவிடும். ஃபாக்ஸ்ஹவுண்டுக்கு இரை கண்ணில் படவே வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன்னால் நரி நடந்துபோன தடம் இருந்தால் போதும், மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் போகும். வேகத்தைவிட நாள் முழுக்க ஓடும் தெம்புக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் இது. தடத்தில் இருக்கும்போது நீங்கள் கூப்பிடுவது அதன் மண்டையில் ஏறாது. இதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொண்டு அடித்தால், திரும்பி வந்தால் அடி விழும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் தாமதமாக வரும்.

இன்னொன்று, இது தனியாக இருந்து பழகாத சாதி. இங்கிலாந்தில் இவற்றை ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள். பதினைந்து, இருபது ஜோடி ஒன்றாகத் தின்று, ஒரே பலகையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கி, ஒன்றாக வேட்டைக்குப் போகும். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து நரியை விரட்டியதும் இப்படிப்பட்ட கூட்டங்களை வைத்துத்தான். அப்படிப் பழகிய ரத்தத்தைத் தென்னை மரத்தில் தனியாகக் கட்டினால் ஊளையிடாமல் என்ன செய்யும்?

சங்கிலி தீர்வாகாது என்பதற்குக் காரணமும் இதுதான். கட்டிப்போட்ட இடத்திலிருந்து நரி வாடை, மயில் வாடை, பூனை வாடை எல்லாம் வந்துகொண்டே இருக்கும், போக முடியாது. நாளாக நாளாக ஊளை கூடும், கழுத்துத் தோல் புண்ணாகும், ஆள் வந்தால் பாயும் குணமும் வரும். குழந்தைகளிடம் சாதுவாக இருக்கும் நாயை நாமே கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேலிக்கு வருவோம். கிளுவை வேலி ஆட்டுக்கும் மாட்டுக்கும் அருமையான வேலி. இந்த நாய்க்கு அது வேலியே அல்ல. அடித்தூர்களுக்கு நடுவில் ஒரு சாண் சந்து கிடைத்தால் தலையை நுழைக்கும், தலை போனால் உடம்பும் போய்விடும். கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம் முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை. சாளையை ஒட்டி, வேம்பு நிழல் விழும் இடத்தில், 40 அடிக்கு 20 அடி போதும். பின்னல் கம்பி வலை ஆறு அடி உயரம் இருக்கட்டும். கல்தூண் அல்லது இரும்புக் குழாய் எட்டு அடிக்கு ஒன்று. தூண்கள் வெளிப்பக்கமும் வலை உள்பக்கமும் இருந்தால், நாய் வலையின் மேல் சாய்ந்தாலும் தூணோடு அழுந்துமே தவிரக் கட்டுக் கம்பி தெறிக்காது.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அடிப்பாகத்தில். வலையைத் தரையோடு நிறுத்தினால் இரண்டே ராத்திரியில் தோண்டிவிடுவான். இரண்டடி அகல வலையைத் தனியாக எடுத்து, வேலியின் அடியோடு கம்பியால் பின்னி, உள்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, மேலே அரை அடி மண் போட்டு மூடி, கல் அடுக்குங்கள். நாய் எப்போதும் வேலியை ஒட்டித்தான் தோண்டும், நகம் வலையில் பட்டதும் விட்டுவிடும். இரண்டடி பின்னால் வந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கதவு உள்பக்கமாகத் திறக்கட்டும். முடிந்தால் நான்கடி இடம் விட்டு இரண்டாவது கதவு ஒன்றும் வையுங்கள். சோறு கொண்டுபோகும் குழந்தையின் காலுக்கிடையில் புகுந்து ஓடுவதில் இந்த இனம் கெட்டி.

படுக்கை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகைக் கட்டிலாக இருக்கட்டும். சிமெண்ட் தரையிலேயே படுத்தால் முழங்கையில் தோல் தடித்துப் புண் வரும். கூரைக்கு வெறும் தகரம் வேண்டாம். அதுதான் உண்டு என்றால் மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள்.

ஊளை விஷயத்தில் உடனடியாகச் செய்யக்கூடியது, ராத்திரியில் அவனை வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) படுக்க விடுவது. மனித வாடையும் மூச்சுச் சத்தமும் பக்கத்தில் இருந்தாலே பாதி ஊளை நின்றுவிடும். வெளியில் இருந்து நீங்கள் "சும்மா இரு" என்று கத்துவதை அவன் பதில் ஊளையாக எடுத்துக்கொள்வான், கவனித்துப் பாருங்கள், நீங்கள் கத்தி முடித்ததும் இன்னும் உற்சாகமாக ஆரம்பிப்பான். விடியற்காலையில் மயில் அகவும்போதும், ஆம்புலன்ஸ் சைரனுக்கும் குரல் கொடுப்பதை முழுதாக நிறுத்த முடியாது. அந்தக் குரலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

துணைக்கு இன்னொரு நாய் வைத்தால் நல்ல பலன் இருக்கும். ஆனால் வேலி முடிந்த பிறகுதான். வேலி இல்லாமல் இரண்டாவது நாய் வந்தால் கூட்டம் சேர்ந்துவிடும். தனியாகப் பட்டி ஓரத்தில் நின்ற நாய், துணை கிடைத்தால் உள்ளே குதிக்கும். கருத்தடை செய்த, ஏறக்குறைய இதே உடல்வாகுள்ள பெண் நாய் பொருத்தம், நாட்டு நாயே போதும். முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரண்டு பேர் ஆளுக்கொரு கயிறு பிடித்து, இருபதடி இடைவெளியில் ஒரே திசையில் நடந்து ஆரம்பிக்கட்டும். ஒரு வாரத்துக்குச் சோற்றுத் தட்டு தனித்தனி அறையில்.

அவனுக்கும் கருத்தடை செய்துவிடலாம், பெட்டை நாய் வாடைக்கு ஓடுவது குறையும். நரி, முயல் தடத்துக்கு ஓடுவது அதனால் குறையாது, அந்த நம்பிக்கையில் வேலியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது வேலை. தினமும் ஒன்றரை மணி நேரம் உடற்பயிற்சி இந்த நாய்க்குக் குறைந்தபட்சம். நடையோடு மூக்குக்கும் வேலை கொடுத்தால் ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். இதற்குச் செலவே கிடையாது. ஒரு சாக்குத் துண்டில் கோழி ஈரலைக் கட்டி, மூன்று மீட்டர் கயிற்றில் முடிந்து, நாய் பார்க்காதபோது உங்கள் காட்டுக்குள்ளேயே நூறு மீட்டர் நேராக இழுத்துப் போங்கள். முடிவில் சாக்கை வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த ஈரல் வையுங்கள். போன தடத்திலேயே திரும்பி வராதீர்கள், சுற்றி வாருங்கள், இல்லையென்றால் வாடை இரட்டைத் தடமாகிக் குழம்பிப்போகும். பத்து நிமிடம் கழித்து, அவனுக்கு மார்புப் பட்டை மாட்டி, பத்து மீட்டர் கயிற்றில் தடத்தின் தொடக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். கழுத்துப் பட்டையில் கட்டினால் இழுக்கிற இழுப்பில் தொண்டை நெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்த எடை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் நைலான் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். அவன் தடத்தை விட்டு விலகினால் பேசாமல் நில்லுங்கள், கயிற்றை இழுத்து வழிகாட்ட வேண்டாம். அவனே வட்டமடித்துக் கண்டுபிடிப்பான். நான்கைந்து முறை சரியாக முடித்தபின் ஒரு திருப்பம் சேருங்கள், பிறகு 300 மீட்டர், பிறகு தடம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து.

நேரம் முக்கியம். விடியற்காலையில் தரையில் ஈரம் இருக்கும், வாடை தங்கும். ஒன்பது மணிக்கு மேல் காங்கேயம் மண் காய்ந்து சுட ஆரம்பித்தால் வாடை கலைந்துவிடும். நாய் தடுமாறுவதைப் பார்த்து, கற்றுக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவோம்.

இதற்கு உயிருள்ள முயலையோ வேறு காட்டு உயிரையோ பயன்படுத்தக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பது மட்டுமல்ல, பிடிக்க முயல்வதும் வேட்டைதான். உங்கள் ஊரில் மயில் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்திலேயே 2004-இல் சட்டம் போட்டு நரி வேட்டையை நிறுத்திவிட்டார்கள். அங்கும் வாடைத் தடம் போட்டு நாய்க் கூட்டங்களை ஓடவிடுகிறார்கள்.

கூப்பிட்டால் வருவதற்கு விசில் பழக்குங்கள். ஒவ்வொரு வேளையும் தட்டை வைக்கும் நொடியில் மூன்று குறு விசில். இரண்டு வாரம் வேறு எதற்கும் அந்த விசிலை ஊதக் கூடாது. பிறகு வேலிக்குள், பிறகு நீளக் கயிற்றில். வந்ததும் கறித்துண்டு. எவ்வளவு நன்றாகப் பழகினாலும் திறந்தவெளியில் கயிறு கழற்றலாம் என்று நினைக்காதீர்கள், புதுத் தடம் ஒன்று கிடைத்தால் விசில் தோற்றுவிடும். தப்பிப் போய்விட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்தியிருந்த சட்டையையும் ஒரு சட்டித் தண்ணீரையும் வைத்துவிட்டு வாருங்கள். இந்த நாய்கள் பல நேரம் போன தடத்திலேயே மோந்து திரும்பி வரும், விடியற்காலையில் அங்கேயே படுத்திருக்க வாய்ப்பு அதிகம். கழுத்துப் பட்டையில் கைபேசி எண் பொறித்த தகடு கட்டாயம். ஜிபிஎஸ் பட்டை வாங்கினால், உங்கள் காட்டில் சிக்னல் எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கோழி பிடித்த நாயின் கழுத்தில் செத்த கோழியைக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. நாற்றம் வரும், புத்தி வராது. செய்யக்கூடியது: ஆடு மேய்கிற இடத்துக்கு ஐம்பது மீட்டர் தள்ளிக் கயிற்றில் நிறுத்துங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் கறித்துண்டு கொடுங்கள். நிதானமாக இருந்தால் மறுநாள் ஐந்து மீட்டர் கிட்டே. உடம்பு விறைத்து, பார்வை நிலைகுத்தி நின்றால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் போங்கள். இதனால் கயிற்றில் போகும்போது அடக்கமாக வருவான். ஆட்டோடு தனியாக விடும் அளவுக்கு நம்பக் கூடாது, ஒருமுறை ருசி கண்டவனை ஒருபோதும் கூடாது.

காதைப் பொறுத்தவரை, தொங்குகாதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த வாடையோடு பழுப்பு அழுக்கு என்றால் பூஞ்சையாக இருக்கும், காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக இருந்தால் காதுப் பேன், மஞ்சள் சீழ் என்றால் பாக்டீரியா. மூன்றுக்கும் மருந்து வேறு. உங்கள் நாய் ஓயாமல் உதறுவதால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கொழுக்கட்டைப் புல்லிலும் ஊசிப்புல்லிலும் மூக்கை வைத்து ஓடும் நாய்க்குப் புல் ஊசி காதுக்குள் இறங்கியிருக்கலாம், அதை உள்நோக்கிக் கருவி இல்லாமல் பார்க்க முடியாது. சவ்வு கிழிந்திருந்தால் சுத்தம் செய்யும் திரவம் ஊற்றுவதே கேடு. குணமான பிறகு வாரம் ஒருமுறை, நாய்க் காதுக்கான திரவத்தைக் குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பாகத்தை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். அவன் உதறியபின் விரலில் பஞ்சு சுற்றித் தெரிகிற இடத்தை மட்டும் துடையுங்கள். பட்ஸ், தேங்காய் எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

உடம்பு நாற்றத்துக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். தோலில் எண்ணெய்ப் பசை உள்ள இனம், அடிக்கடி குளிப்பாட்டினால் அரிப்பு வரும்.

தினமும் நடை முடிந்து வந்ததும் பாதங்களை விரித்துப் பாருங்கள், நெருஞ்சியும் வெள்வேல் முள்ளும் விரலிடுக்கில் உடைந்து நின்று சீழ் பிடிக்கும். கூடவே உண்ணி. காது மடிப்பு, விரலிடுக்கு, கக்கம் மூன்றும் அவற்றுக்குப் பிடித்த இடம். நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, உண்ணி சுவர் விரிசலில் ஏறி முட்டையிடும், கொட்டிலின் சந்துகளைப் பூசி அடையுங்கள். ஆட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் ஐவர்மெக்டின் ஊசியையும் குத்துமதிப்பாக நாய்க்குப் போடாதீர்கள். எடைக்கேற்ற உண்ணி மாத்திரை மருத்துவர் தருவார். தின்னாமல் சோர்ந்து படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு அன்றே ரத்தம் சோதிக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியோடு, எலி நடமாடும் தோட்டம் என்பதால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்) சேர்ந்த தடுப்பூசியும் ஆண்டுதோறும் தேவை.

தீனியை மாற்றியே ஆக வேண்டும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். இந்த எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,400 முதல் 1,600 கலோரி வேண்டும். வீட்டுச் சமையல் என்றால் அரிசி அல்லது கம்பு 150 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 400 கிராம், முட்டை இரண்டு, ஈரல் 50 கிராம், பூசணி அல்லது கேரட் 100 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எல்லாம் சமைக்கும் முன் நிறுத்த எடை. உப்பு, மிளகாய் இல்லாமல் வேகவைத்து, ஆறியபின் முட்டை ஓட்டை மாவாக அரைத்து முக்கால் டீஸ்பூன் கலந்துவிடுங்கள். எலும்பை நிறுத்துவதால் சுண்ணாம்புச் சத்து இதிலிருந்துதான் கிடைக்க வேண்டும். மற்ற நுண்சத்துகளுக்கு மருத்துவரிடம் ஒரு சத்துப்பொடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைத் தீனி என்றால் சுமார் 400 கிராம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். சோற்றுப் பானையை எட்டாத இடத்தில் வையுங்கள், கூட்டத்தோடு போட்டி போட்டுத் தின்று பழகிய இனத்துக்குப் போதும் என்பதே தெரியாது.

இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தின்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் தின்றபின் இரண்டு மணி நேரமும் ஓட்டம் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் எச்சில் மட்டும் ஒழுகினால், வயிறு தட்டினால் முரசு மாதிரி இருந்தால், காலைவரை காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. நாமக்கல், உடுமலை இரண்டு இடத்திலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராத்திரியில் எங்கே பார்ப்பார்கள் என்று இப்போதே விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். பாம்புக்கடிக்கும் அதே எண் உதவும். தரையை மோந்து போகிற நாய் என்பதால் கடி பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்னங்காலிலோ இருக்கும். கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷக் கறி தின்றிருந்தால் எச்சில் நுரை, கண்மணி சுருக்கம், உடல் நடுக்கம் தெரியும். உப்புத் தண்ணீர் ஊற்றி நேரத்தைக் கழிக்காமல் உடனே கிளம்புங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடை முடியட்டும். மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு செங்கல் நிறமாகி, கால் தள்ளாடினால் வெயில் தாக்கம். நிழலில் போட்டு, உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வெப்பமானி 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கொடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு: வேலியும் தினம் ஒன்றரை மணி நேரமும் உங்களால் முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. இரண்டில் ஒன்று முடியாது என்றாலும் கொடுத்துவிடுவதே அவனுக்கு நல்லது. சுற்றுச்சுவர் உள்ள, ஏற்கெனவே பெரிய நாய் இருக்கிற, பட்டி இல்லாத இடமாகப் பாருங்கள். "முயல் பிடிக்குமா?" என்று முதல் கேள்வி கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டை, அவன் படுத்த சாக்கு, பழக்கிய விசில் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். கோழி பிடித்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.